ஜூனில் மத்தியதரைக் கடல்: புதுக் கப்பலில் அப்பாவை அழைத்துப் போகிறேன், யோசனை வேண்டும்

முத்துநகர் மகள் | 9 ஜனவரி 2023

வணக்கம். பல மாதங்களாக இங்கே படித்து மட்டும் வந்தேன். இன்றுதான் முதன்முறையாக எழுதுகிறேன்.

என் அப்பா தூத்துக்குடிக்காரர். 1977 முதல் 1989 வரை சரக்குக் கப்பல்களில் என்ஜின் அறையில் பிட்டராக வேலை பார்த்தவர். ஜெனோவா, நேப்பிள்ஸ், பார்சிலோனா, மார்செய் என்று ஊர்ப் பெயர்களை வரிசையாகச் சொல்வார். ஆனால் அந்த ஊர்களைப் பற்றிக் கேட்டால் கிரேன்களையும் கிடங்குகளையும் தவிர அவரிடம் சொல்ல ஒன்றும் இருக்காது. கப்பல் கரையில் கட்டியிருக்கும் நேரம்தான் என்ஜினைப் பிரித்துப் பார்க்கக் கிடைக்கும் நேரம். மற்றவர்கள் கரையிறங்கும்போது அவர் கீழே இறங்குவார்.

வருகிற மே மாதம் அவருக்கு 70 வயது நிறைகிறது. ஜூன் முதல் வாரத்தில் அம்மாவையும் அவரையும் அதே கடலுக்குப் பயணிகளாக அழைத்துப் போகிறேன். எம்.எஸ்.சி. வேர்ல்டு யூரோப்பா என்ற புதிய கப்பலில் ஏழு இரவுகள். ஜெனோவாவில் ஏறுகிறோம். அங்கிருந்து நேப்பிள்ஸ், மெஸ்ஸினா, மால்டாவின் வாலெட்டா, பிறகு ஒரு முழு நாள் கடலில், அதன்பின் பார்சிலோனா, மார்செய், மறுபடியும் ஜெனோவா.

நான் போட்டு வைத்திருக்கும் திட்டம் இது. நேப்பிள்ஸில் பாம்பேய். மெஸ்ஸினாவிலிருந்து தவோர்மினா. மால்டாவில் பழைய தலைநகரம் மதினாவும் நீலக் குகையும். பார்சிலோனாவில் சக்ராதா ஃபமிலியா தேவாலயம், ராம்ப்ளா வீதி, குயெல் பூங்கா. மார்செய்யிலிருந்து உள்நாட்டில் இருக்கும் எக்ஸ்-அன்-ப்ரோவான்ஸ் (சுருக்கமாக எக்ஸ்) நகரம். அப்பாவுக்கு முழங்கால் வலி உண்டு, அம்மா சைவம். எந்த மாதிரி அறை எடுக்கலாம்? விசாவுக்கு எப்போது விண்ணப்பிக்க வேண்டும்? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

லெமான் ஏரிக்கரை | 9 ஜனவரி 2023

தங்கச்சி, வாசித்ததும் மனம் நிறைந்துவிட்டது. நான் சுவிஸில் இருக்கிறேன். ஜெனோவாவிலிருந்து மூன்று தடவை கப்பல் ஏறியிருக்கிறோம், இரண்டு தடவை வயதான மாமியோடு. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதல் விஷயம், கப்பல் புறப்படும் நாளன்று விமானத்தில் வந்து இறங்க வேண்டாம். முதல் நாளே வாருங்கள். சென்னையிலிருந்து வளைகுடா வழியாக மிலான் வரும் விமானம் இரண்டு மணி நேரம் தாமதமானாலே எல்லாம் தலைகீழாகிவிடும். கப்பல் யாருக்காகவும் காத்திருக்காது. மிலான் நடு நிலையத்திலிருந்து ஜெனோவா பிரின்சிப்பே நிலையத்துக்கு ரயிலில் ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். அந்த நிலையத்திலிருந்து கப்பல் முனையம் நடக்கிற தூரம்தான், இறக்கமான பாதை. நிலையத்துக்குப் பக்கத்திலேயே ஒரு அறை எடுத்து அன்றிரவு நன்றாக உறங்குங்கள்.

அம்மாவுக்கு ஜெனோவா பிடிக்கும். அங்கே ஃபரினாத்தா என்று ஒரு பலகாரம், கடலை மாவைத் தண்ணீரிலும் ஒலிவ் எண்ணெயிலும் கரைத்துப் பெரிய செப்புத் தட்டில் ஊற்றி விறகு அடுப்பில் சுடுவார்கள். எங்கள் மாமி ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு "இது அடைதானே" என்றார். சைவர்களுக்கு இத்தாலியில் பட்டினி இல்லை. கப்பல் நிறுவனத்துக்கு மட்டும் முன்கூட்டியே எழுதிவிடுங்கள். முதல் இரவே உணவுக்கூடத்தின் தலைமைப் பணியாளரிடம் நேரில் கதைத்து, மறுநாளுக்கு என்ன வேண்டும் என்று சொல்லி வையுங்கள். கேட்டால் செய்து தருவார்கள்.

மாத்திரைகளைக் கைப்பையில் வையுங்கள். முனையத்தில் கொடுக்கும் பெட்டி அறைக்கு வந்து சேர மாலையாகிவிடும்.

நிதானம் | 10 ஜனவரி 2023

உங்கள் எண்ணம் உயர்ந்தது. ஆனாலும் என் கருத்தை மறைக்காமல் சொல்கிறேன். புதுக் கப்பலின் முதல் பருவத்தில் போகாதீர்கள். கோஸ்டா ஸ்மெரால்டா 2019 அக்டோபரில் புறப்பட வேண்டிய கப்பல். கட்டி முடிக்கத் தாமதமாகி டிசம்பர் கடைசியில்தான் பயணிகளை ஏற்றியது. டிக்கெட் எடுத்தவர்களின் விடுமுறை என்ன ஆனது என்று யோசியுங்கள். நேரத்துக்கு வந்துவிட்டாலும் பணியாளர்கள் ஒருவரோடொருவர் பழகியிருக்க மாட்டார்கள், மின்தூக்கிகள் நிற்கும், வரிசைகள் நீளும்.

இன்னொன்று, இவ்வளவு பெரிய கப்பல் எதற்கு? 22 தளங்கள், 2,600-க்கு மேற்பட்ட அறைகள், நிறைந்தால் 6,700 பேருக்கு மேல். அது ஒரு சிற்றூர். முழங்கால் வலியுள்ள 70 வயதுக்காரருக்கு அறுநூறு பேர் போகும் சிறிய கப்பல்தான் பொருத்தம். பதினொரு தளம் உயரச் சறுக்குமரம் அவருக்கு என்ன செய்யப்போகிறது?

முத்துநகர் மகள் | 10 ஜனவரி 2023

நியாயமான கேள்வி, நானும் யோசித்தேன். இந்தக் கப்பல் பிரான்சின் செயிண்ட் நசேர் கட்டுந்தளத்திலிருந்து 2022 அக்டோபரில் ஒப்படைக்கப்பட்டுவிட்டது. நவம்பரில் தோஹாவில் உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டிக்கு வந்தவர்களுக்கு விடுதியாக நின்றது. இப்போது வளைகுடாவில் பயணங்கள் நடக்கின்றன. மத்தியதரைக் கடலுக்கு வசந்தத்தில் வருகிறது. நாங்கள் ஏறும்போது கப்பல் ஏழு மாதம் ஓடியிருக்கும்.

பெரிய கப்பல் வேண்டும் என்றது அப்பாதான். செய்தித்தாளில் அதன் படத்தைப் பார்த்த அன்று உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்துவந்து பத்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "இதற்குள் என்ன எரிக்கிறான்?" அவர் நினைவில் கப்பல் என்றால் கறுப்பு எண்ணெய், 45 டிகிரி வெப்பம், காதை அடைக்கும் சத்தம். அவர் விட்டுவந்த பிறகு கப்பல் எங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது என்று பார்க்க ஆசைப்படுகிறார்.

பொறியறைக்காரன் | 11 ஜனவரி 2023

மகளே, நானும் கீழே இருந்தவன்தான். முதன்மைப் பொறியாளராக ஓய்வு பெற்றேன். உங்கள் அப்பாவின் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன், அவரிடம் படித்துக் காட்டுங்கள்.

ஐயா, இதில் எரிப்பது திரவ இயற்கை எரிவாயு. எரிவாயுவை மைனஸ் 162 டிகிரிக்குக் குளிர்வித்தால் அது திரவமாகி, கொள்ளளவு அறுநூறில் ஒரு பங்காகச் சுருங்கும். குளிர் வெளியேறாத தொட்டிகளில் அதைக் கொண்டுபோகிறார்கள். என்ஜின்கள் வார்ட்சிலா நிறுவனத்தின் இரட்டை எரிபொருள் வகை. எரிவாயுவிலும் ஓடும், டீசலிலும் ஓடும். அவை கப்பலைத் தள்ளும் சுழல்விசிறியை நேராகச் சுற்றுவதில்லை. மின்சாரம் மட்டும் உண்டாக்குகின்றன. கப்பலுக்கு அடியில் தொங்கும் கூடுகளுக்குள் இருக்கும் மின்மோட்டார்கள்தான் விசிறியைச் சுற்றுகின்றன. அந்தக் கூடு முழுச் சுற்றும் திரும்பும், ஆகவே சுக்கானே கிடையாது. நாம் தோளில் தூக்கிய பிஸ்டன் வளையங்களையும், கனஎண்ணெயைச் சூடாக்கிச் சுத்தம் செய்த இரவுகளையும் நினைத்துக்கொண்டு இதைக் கேளுங்கள்.

மகளே, இரண்டு லட்சம் டன்னுக்கு மேற்பட்ட கப்பல் என்று விளம்பரத்தில் படித்திருப்பீர்கள். அது எடை இல்லை, கப்பலின் உள்ளிடத்தை அளக்கும் கணக்கு. அப்பாவுக்குத் தெரிந்திருக்கும், அம்மாவுக்குச் சொல்லுங்கள். இவ்வளவு பெரிய உடம்பு ஜூன் மாதக் கடலில் அதிகம் அசையாது. பார்சிலோனாவுக்கும் மார்செய்க்கும் இடையே லயன்ஸ் வளைகுடாவில் மட்டும் வடமேற்கிலிருந்து மிஸ்த்ரால் காற்று சில நாட்கள் கடுமையாக வீசும். நடுப்பகுதியில், அதிக உயரமில்லாத தளத்தில் அறை எடுத்தால் அதுவும் பெரிதாகத் தெரியாது.

இயந்திர அறையைப் பார்க்க விடுவார்களா என்று அவர் நிச்சயம் கேட்பார். பாதுகாப்பு விதிகளால் பெரும்பாலும் விடமாட்டார்கள். கட்டணம் வாங்கிக்கொண்டு சமையற்கூடம், அரங்கின் பின்புறம் போன்றவற்றைக் காட்டும் சுற்றுகள் சில கப்பல்களில் உண்டு. முதல் நாளே வரவேற்பு மேசையில் "என் தந்தை என்ஜின் அறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்" என்று ஒரு கடிதம் கொடுங்கள். கீழே போக முடியாவிட்டாலும், ஓய்வு நேரத்தில் ஒரு பொறியாளர் மேலே வந்து அவரோடு ஒரு காபி குடிக்கலாம். எனக்கு அப்படி ஒருவர் கடிதம் கொடுத்தார். நான் போய்ப் பேசினேன், ஒரு மணி நேரம் போனதே தெரியவில்லை.

பசுங்கரை | 11 ஜனவரி 2023

ஐயாவின் விளக்கத்துக்கு நன்றி. ஆனால் இதன் மறுபக்கமும் இந்த இழையில் இருக்க வேண்டும். இந்த எரிவாயுவில் கந்தகம் ஏறக்குறைய இல்லை, துறைமுக ஊர்களின் காற்றுக்கு அது உண்மையான நன்மை. கரியமில வாயுவும் குறைகிறது. ஆனால் என்ஜினில் எரியாமல் தப்பி வெளியேறும் மீத்தேன் இருக்கிறதே, அது இருபது ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 80 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். "பசுமைக் கப்பல்" என்ற சொல்லை அப்படியே நம்பிவிட வேண்டாம். வெனிஸ் நகரின் நடுக்கால்வாயில் 2021 ஆகஸ்ட் முதல் பெரிய கப்பல்கள் நுழைய முடியாது. பார்சிலோனா மக்களும் கப்பல் கூட்டத்தை எதிர்த்துக் குரல் கொடுக்கிறார்கள்.

போகாதீர்கள் என்று சொல்ல நான் வரவில்லை. போகிற ஊரில் ஒரு வேளையாவது ஊர்க்காரர் கடையில் சாப்பிடுங்கள். கப்பலிலேயே தின்றுவிட்டு, கூட்டமாக இறங்கி, படம் எடுத்துத் திரும்பும் ஆறாயிரம் பேரால் அந்த ஊருக்கு ஒரு பயனும் இல்லை.

பொறியறைக்காரன் | 11 ஜனவரி 2023

மீத்தேன் விஷயத்தில் பசுங்கரை சொல்வது சரி. நான் அதைச் சொல்லியிருக்க வேண்டும்.

பல்லாவரம் பயணி | 12 ஜனவரி 2023

விசாவைப் பற்றி நான் சொல்கிறேன். சென்ற ஆண்டுதான் அலைந்து வாங்கினேன்.

நீங்கள் போகும் இத்தாலி, மால்டா, ஸ்பெயின், பிரான்ஸ் நான்கும் ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஷெங்கன் நாடுகள். எந்த நாட்டில் அதிக நாட்களோ அங்கே விண்ணப்பிக்க வேண்டும். உங்களுக்கு இத்தாலிதான் அதிகம், முதலில் நுழைவதும் அங்கேதான். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம், குறைந்தது பதினைந்து நாள் முன்பாவது கொடுத்திருக்க வேண்டும். ஆனால் கோடைக்காலத்துக்கு நேர்காணல் தேதி கிடைப்பதுதான் பெரும்பாடு. ஏப்ரலில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். பலமுறை நுழையும் விசாவாகவே கேளுங்கள். கப்பல் கடலுக்குள் போய் வருவதால் அதுதான் நிம்மதி.

மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். 70 வயதுக்கு மேல் சந்தா கூடும். அப்பாவுக்கு 70 நிறையும் முன்பே எடுத்தால் மிச்சமாகுமா என்று காப்பீட்டு முகவரிடம் கேளுங்கள். கடவுச்சீட்டு திரும்பும் நாளுக்குப் பின் மூன்று மாதமாவது செல்லுபடியாக வேண்டும். கப்பல் டிக்கெட், விமான முன்பதிவு, ஜெனோவா விடுதி எல்லாவற்றிலும் மூவர் பெயரும் கடவுச்சீட்டில் இருப்பதுபோல் எழுத்துக்கு எழுத்து இருக்கட்டும். என் தந்தையின் முன்னெழுத்து ஓரிடத்தில் விரிந்தும் ஓரிடத்தில் சுருங்கியும் இருந்ததால் இரண்டு வாரம் போயிற்று.

முத்துநகர் மகள் | 14 ஜனவரி 2023

அனைவருக்கும் நன்றி. விசா கோப்பு ஒன்று தொடங்கிவிட்டேன். அப்பா பொறியறைக்காரன் ஐயாவின் பதிலை மூன்று முறை படிக்கச் சொன்னார். சுக்கானே இல்லை என்ற இடத்தில் நிறுத்தி, "மறுபடி சொல்" என்றார்.

அறை விஷயம்: கப்பலின் பின்பகுதி இரண்டாகப் பிளந்து நடுவே நூறு மீட்டருக்கு மேல் நீளமான திறந்த நடைபாதை இருக்கிறதாம். அதைப் பார்த்தபடி இருக்கும் பால்கனி அறைகள் விலை குறைவாக வருகின்றன. எடுக்கலாமா?

லெமான் ஏரிக்கரை | 14 ஜனவரி 2023

வேண்டாம் தங்கச்சி. கீழே கடைகளும் இசையும் இரவு வரை நடக்கும். பிள்ளைகளோடு வருபவர்களுக்கு அது கொண்டாட்டம், அம்மா அப்பாவுக்கு உறக்கம் போய்விடும். அவர் கடலைப் பார்க்கத்தானே வருகிறார்? பணத்தை வேறெங்காவது குறைத்து, கடலைப் பார்க்கும் பால்கனி எடுங்கள். என்ஜின் அறையில் பன்னிரண்டு வருடம் இருந்தவருக்கு ஒரு கதவைத் திறந்தால் கடல் இருக்க வேண்டும். நான் இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

விலையைப் பார்க்கும்போது இதையும் கவனியுங்கள். டிக்கெட் விலைக்கு மேல் ஒருவருக்கு ஒரு இரவுக்கு இவ்வளவு என்று சேவைக் கட்டணம் தனியாக வரும். ஐரோப்பியப் பயணங்களில் பல நிறுவனங்கள் மேஜைக்கு வரும் தண்ணீருக்கும் காசு வாங்கும். கப்பலில் ஏறியதும் கைபேசியை விமான நிலைக்கு மாற்றிவிடுங்கள். நடுக்கடலில் செயற்கைக்கோள் வழியாக இணைந்துவிட்டால் கட்டணம் எகிறும். இத்தாலியில் ஒரு சிம் வாங்கினால் மால்டாவிலும் ஸ்பெயினிலும் பிரான்சிலும் அதுவே ஓடும்.

புதுவைப் பேரன் | 17 ஜனவரி 2023

மார்செய்யில் வசிக்கிறேன், அதனால் எங்கள் ஊரைப் பற்றி மட்டும்.

பெரிய கப்பல்கள் நிற்கும் முனையம் பழைய துறைமுகத்திலிருந்து வெகு தூரம். நடந்து வரும் எண்ணமே வேண்டாம், பேருந்தில் வாருங்கள். எக்ஸ் நகரம் அழகுதான். ஆனால் உங்கள் அப்பா கடல்காரர், அவரை உள்நாட்டுக்கு ஏன் இழுத்துப் போகிறீர்கள்? குன்றின்மேல் இருக்கும் நோத்ருதாம் த ல கார்த் கோயிலுக்கு அழைத்து வாருங்கள். பேருந்து மேலே வரை ஏறும். உள்ளே தலையை நிமிர்த்திப் பார்க்கச் சொல்லுங்கள். கூரையிலிருந்து கயிறுகளில் சின்னச் சின்னக் கப்பல்கள் தொங்கும். புயலில் பிழைத்த மாலுமிகளும் மீனவர்களும் நேர்ந்துகொண்டு கொடுத்த மாதிரிக் கப்பல்கள் அவை. வேளாங்கண்ணியில் நேர்த்திக்கடன் பொருட்களைப் பார்த்தவருக்கு ஒரு விளக்கமும் தேவைப்படாது.

என் தாத்தா புதுச்சேரியிலிருந்து கப்பலில் வந்து இறங்கிய துறைமுகம் இது. அந்தக் காலத்தில் பிரெஞ்சுத் தபால் கப்பல்கள் கொழும்பு, சூயஸ் வழியாக இங்கே வரும். அவர் கால் வைத்த கப்பல்துறையை எனக்குக் காட்ட ஆளில்லாமல் போய்விட்டது. உங்கள் அப்பா உயிரோடு இருக்கும்போதே அழைத்து வருகிறீர்கள். அதனால்தான் கேட்கிறேன்: உங்கள் திட்டத்தில் ஏழெட்டு இடங்கள் இருக்கின்றன, அவற்றில் எது அவர் கேட்டது?

முத்துநகர் மகள் | 17 ஜனவரி 2023

எதுவும் இல்லை. எல்லாம் நான் இணையத்தில் பார்த்துச் சேர்த்தவை. இன்று இரவே கேட்கிறேன்.

முத்துநகர் மகள் | 19 ஜனவரி 2023

கேட்டேன். முதலில் "நீ காட்டுகிற இடம் எல்லாம் நல்லதுதான்" என்றார். விடவில்லை. எழுந்துபோய் டிரங்குப் பெட்டியிலிருந்து தன் சி.டி.சி. புத்தகத்தை எடுத்து வந்தார். ஏறிய நாளும் இறங்கிய நாளும் முத்திரை குத்திய அந்தப் பழைய மாலுமிப் புத்தகம். அதைப் புரட்டியபடியே சொன்னார்.

1984-ல் அவர் இருந்த கப்பலை மால்டாவில் டிரைடாக்கில், அதாவது தண்ணீரை வெளியேற்றிக் கப்பலைப் பழுதுபார்க்கும் தளத்தில், ஏற்றிப் பழுது பார்த்தார்களாம். 23 நாட்கள். பகல் முழுவதும் வேலை. எதிர்க்கரையில் வாலெட்டா நகரம், மதில்மேல் உயரத்தில் வரிசையாகக் கல் வளைவுகள். மாலை நேரத்தில் அங்கே ஆட்கள் வந்து நின்று துறைமுகத்தைப் பார்ப்பார்கள். "எங்களைத்தான் பார்க்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வோம். வேலை முடியும்போது இருட்டிவிடும். ஒரு நாள்கூட அந்தப் பக்கம் போகவில்லை. அங்கே நின்று பார்த்தால் நாங்கள் இருந்த இடம் எப்படித் தெரியும் என்று பார்க்க வேண்டும். அது போதும்."

நாற்பது வயதை நெருங்கும் எனக்கு இந்தக் கதையை அவர் இதுவரை சொன்னதில்லை. அந்த வளைவுகள் எவை என்று யாருக்காவது தெரியுமா? இன்னும் இருக்கின்றனவா?

பொறியறைக்காரன் | 19 ஜனவரி 2023

இருக்கின்றன மகளே. மேல் பராக்கா தோட்டம். கூரையில்லாத கல் வளைவுகள், கீழே பீரங்கி மேடை, அதற்கும் கீழே பெருந்துறைமுகம் முழுவதும் விரியும். நேர் எதிரே மூன்று பழைய நகரங்கள்: பிர்கு, செங்லேயா, போர்ம்லா. செங்லேயாவை அடுத்த கடற்கழியில் இன்றும் கப்பல்களைப் பழுது பார்க்கிறார்கள். போர்ம்லாவில் இருந்த முதலாம் எண் டாக்கைச் சீரமைத்து மக்கள் நடமாடும் இடமாக்கிவிட்டார்கள். அவர் எந்த டாக்கில் இருந்தார் என்று கேளுங்கள்.

முழங்காலைப் பற்றிக் கவலை வேண்டாம். அந்த மதிலில் 1905 முதல் ஒரு மின்தூக்கி ஓடியது. 1973-ல் நிறுத்தி, 1983-ல் பிரித்துவிட்டார்கள். அதாவது உங்கள் அப்பா அங்கே இருந்த ஆண்டில் அக்கரைக்கு வந்திருந்தாலும் படியேறித்தான் போயிருக்க வேண்டும். 2012-ல் புதிய மின்தூக்கி வந்துவிட்டது, 58 மீட்டர். கப்பல் முனையத்திலிருந்து கரையோரமாகக் கொஞ்ச தூரம் போனால் அதன் அடிவாரம். ஒரு நிமிடத்துக்குள் அவர் அந்த வளைவுகளின் அருகில் நிற்பார். நண்பகல் 12 மணிக்குக் கீழே உள்ள மேடையில் பீரங்கி வெடிப்பார்கள், கொஞ்சம் முன்னதாகவே போய் நல்ல இடம் பிடித்துக்கொள்ளுங்கள்.

முத்துநகர் மகள் | 20 ஜனவரி 2023

டாக் எண் அவருக்கு நினைவில்லை. சீனா உதவியோடு கட்டிய பெரிய டாக்குக்குப் பக்கத்தில் என்கிறார். பதிலைப் படித்துக் காட்டினேன். "பிரித்த மறு வருஷமா" என்று மட்டும் கேட்டார்.

நிதானம் | 20 ஜனவரி 2023

நான் சொன்னதை முழுவதுமாகத் திரும்பப் பெறுகிறேன். எந்தக் கப்பலில் போனாலும் பரவாயில்லை, மால்டாவுக்குப் போய்ச் சேருங்கள். அங்கே அன்று வேறெதையும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

பல்லாவரம் பயணி | 2 பிப்ரவரி 2023

நேற்றைய பட்ஜெட்டைக் கவனித்தீர்களா? வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்புக்கு முன்கூட்டியே பிடிக்கும் வரியை 5 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாக ஜூலை 1 முதல் உயர்த்தப் போவதாக அறிவித்திருக்கிறார்கள். வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம் என்றாலும் அதுவரை பணம் முடங்கும். உங்கள் பயணம் ஜூனிலேயே முடிவதால் உங்களுக்குப் பாதிப்பில்லை, பிறகு போகிறவர்கள் கவனித்துக்கொள்ளுங்கள்.

முத்துநகர் மகள் | 26 பிப்ரவரி 2023

பணம் முழுவதும் கட்டியாயிற்று. விசா நேர்காணல் மார்ச் 14. அக்கா சொன்னபடி கடலைப் பார்க்கும் பால்கனி அறைதான், நடுப்பகுதியில்.

திட்டத்தை அழித்து மறுபடி எழுதினேன். ஜெனோவாவில் முதல் நாள் மாலை கடல் அருங்காட்சியகம். அங்கே கரையில் கட்டி வைத்திருக்கும் நசாரியோ சௌரோ நீர்மூழ்கிக் கப்பலுக்குள் இறங்கிப் பார்க்கலாம் என்றதும் அப்பா முழங்காலை மறந்துவிட்டார். நேப்பிள்ஸில் பாம்பேய் உண்டா இல்லையா என்று வீட்டில் பேச்சு நடக்கிறது. மெஸ்ஸினாவில் தவோர்மினா இல்லை. நீரிணையில் கப்பல் நுழைவதை மேல்தளத்தில் நின்று பார்க்க வேண்டும் என்கிறார். ரயில் பெட்டிகளையே ஏற்றிக்கொண்டு கடக்கும் கப்பலைத் தான் பார்த்திருப்பதாகச் சொல்கிறார். அது உண்மையா?

லெமான் ஏரிக்கரை | 26 பிப்ரவரி 2023

உண்மைதான். மெஸ்ஸினா நீரிணைக்கு இன்னும் பாலம் இல்லை. அக்கரையில் ரயிலைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கப்பலின் வயிற்றுக்குள் தள்ளி, இக்கரையில் இழுத்துக் கோத்துவிடுவார்கள். மெஸ்ஸினாவில் இறங்கியதும் பேராலயத்துக்கு நடந்தே போகலாம். அதன் மணிக்கூண்டில் 1933-ல் ஸ்திராஸ்பூர்க் நிறுவனம் ஒன்று செய்து பொருத்திய பெரிய இயந்திரக் கடிகாரம் இருக்கிறது. நண்பகலில் சிங்கம் கர்ச்சிக்கும், சேவல் கூவும், உருவங்கள் ஒவ்வொன்றாக நகரும். பிட்டர் வேலை பார்த்தவர் அதை விட்டு அசைய மாட்டார். பக்கத்திலேயே அம்மாவுக்குக் கிரானித்தா என்ற பனிக்கூழ் வாங்கிக் கொடுங்கள், பன் ரொட்டியோடு தருவார்கள். பாதாம் போட்டது மிக நன்றாக இருக்கும்.

புதுவைப் பேரன் | 27 பிப்ரவரி 2023

நேப்பிள்ஸுக்கு ஒரு மாற்று யோசனை. ஜூன் வெயிலில் பாம்பேயின் கற்பாதைகள் முழங்காலுக்குக் கடினம், நிழலும் குறைவு. பாம்பேயில் கிடைத்த ஓவியங்களும் பாத்திரங்களும் நேப்பிள்ஸ் நகரத் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில்தான் இருக்கின்றன. அங்கே ஏறக்குறைய ஒரு சாண் உயரமுள்ள தந்தச் சிலை ஒன்று உண்டு. 1938-ல் பாம்பேயில் தோண்டி எடுத்தார்கள். செய்த இடம் இந்தியா. லட்சுமி என்று பெயர் வைத்தார்கள், யட்சியாக இருக்கலாம் என்றும் சொல்கிறார்கள். கி.பி. 79-ல் எரிமலை பாம்பேயை மூடுவதற்கு முன்பே கடல்வழி அங்கே போய்ச் சேர்ந்தவள் அவள். கிழக்கிலிருந்து சரக்கு வந்திறங்கிய ரோமானியத் துறைமுகம் புத்தேயோலி நேப்பிள்ஸுக்கு மிக அருகில்தான். கொற்கைக்குப் பக்கத்து ஊர்க்காரர் அவளைப் பார்க்காமல் திரும்பக் கூடாது.

முத்துநகர் மகள் | 27 பிப்ரவரி 2023

முடிவாகிவிட்டது, பாம்பேய் இல்லை. அம்மா இப்போதே லட்சுமியைப் பார்க்கப் போவதாகப் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டார். பார்சிலோனாவில் சக்ராதா ஃபமிலியா அம்மாவின் விருப்பம், நேரம் குறித்த டிக்கெட் இணையத்தில் எடுத்துவிடுவேன். மார்செய்யில் தொங்கும் கப்பல்கள்.

அம்மாவுக்கு ஒரு பயம் மட்டும் இருக்கிறது. இத்தாலியில் சாய்ந்த அந்தப் பெரிய கப்பலைத் தொலைக்காட்சியில் பார்த்தது மனத்தை விட்டு அகலவில்லை.

பொறியறைக்காரன் | 28 பிப்ரவரி 2023

2012 ஜனவரி 13, கோஸ்டா கன்கார்டியா. 32 பேர் இறந்தார்கள். அந்த இரவில், அன்றுதான் ஏறிய பலருக்கு எங்கே கூட வேண்டும் என்றே தெரியவில்லை. ஆபத்து நேர்ந்தால் பயணிகள் எங்கே கூட வேண்டும் என்று காட்டும் பயிற்சியை அப்போதைய விதிப்படி ஏறிய 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும். 2015 முதல் விதி மாறிவிட்டது. கப்பல் புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ பயிற்சி முடிந்திருக்க வேண்டும். ஏறியதும் மற்ற எதையும் பார்க்கும் முன் அம்மாவை அவருடைய கூடுமிடத்துக்கு நடத்திக்கொண்டு போங்கள். மறுநாள் உங்கள் துணையில்லாமல் அவரையே வழிகாட்டச் சொல்லுங்கள். பாதை காலுக்குப் பழகிவிட்டால் பயம் பெருமளவு குறையும். இதை நான் என் மனைவியிடம் கண்டிருக்கிறேன்.

முத்துநகர் மகள் | 31 மார்ச் 2023

மூவருக்கும் விசா வந்துவிட்டது!

அப்பா நேற்று ஒரு கேள்வி கேட்டார், எனக்குப் பதில் தெரியவில்லை. கப்பல் மால்டா துறைமுகத்துக்குள் நுழையும்போது மேல்தளத்தில் எந்தப் பக்கம் நிற்பது?

பொறியறைக்காரன் | 31 மார்ச் 2023

வடகிழக்கிலிருந்து நுழைவீர்கள். வலப் பக்கம் செயிண்ட் எல்மோ கோட்டையும் வாலெட்டா மதில்களும் வரும். எல்லோரும் அந்தப் பக்கம்தான் கூடுவார்கள். உங்கள் அப்பாவின் டாக் பக்கம் இடது. ரிக்கசோலி கோட்டை கடந்ததும், கப்பல் திரும்பத் தொடங்கும் முன், அவரை இடப் பக்கக் கம்பியருகே நிறுத்திவிடுங்கள். அங்கே இடம் தாராளமாக இருக்கும்.